துவாய் கட்டிய கை

அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. அவர் செத்து இத்தனை வருடமாகியும் பிடிக்கவில்லை. செத்துப்போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. அவருடைய செத்தவீட்டுக்கு நானும் போய்ப் பாயில் இருந்தேன். "கை ஏலாத சனத்துக்கு எவ்வளவு செய்த மனிசன்" என்று பக்கத்தில் இருந்த பெண் சொல்லி மூக்கைச் சிந்தினாள். நான் என் இடது கையை வலது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். செய்தார்தான். இல்லையென்று யார் சொன்னது? யாருக்குச் செய்தார் என்பதில்தான் எனக்கும் ஊருக்கும் பேச்சு ஒத்துவராது.

கை மேலே ஏறாதவர்கள், முழங்கை மடங்காதவர்கள், மணிக்கட்டுத் திரும்பாதவர்கள் வாசிப்பதற்கு ஏற்றபடி வாத்தியங்களை மாற்றிக் கொடுப்பது அவருடைய வேலை. கடல் வந்துபோன பிறகு ஒரு உதவி நிறுவனம் வாவிக் கரையில் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஊன்றுகோலும் சக்கரக் கதிரையும் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. அங்கே வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், இந்தச் சனத்துக்குப் பாட்டும் வேண்டும்தானே என்று கேட்டாளாம். இவர் உடனே நான் செய்வேன் என்று முன்னால் போய் நின்றிருக்கிறார். அதற்கு முன் பஸ் டிப்போவில் மெக்கானிக். இரும்பு தெரியும், கேபிள் தெரியும், வெல்டிங் தெரியும். சங்கீதம் என்றால், ஒரு தாலாட்டின் முதல் வரியை ஆர்மோனியத்தில் வாசிப்பார். இரண்டாவது வரி வராது. எந்த ஆர்மோனியத்தைச் செய்து முடித்தாலும் அந்த ஒரு வரியை வாசித்துப் பார்த்துவிட்டுத் தன்னைத்தானே மெச்சித் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆள் ஆறடி உயரம். காக்கிக் காற்சட்டை, சட்டைப் பையில் ஒரு பென்சில், இடுப்பில் செருகிய ஒரு அடிமட்டம். பேசும்போது எதிரில் நிற்கிறவரைப் பார்க்கமாட்டார், வாத்தியத்தைத்தான் பார்ப்பார். அவருடைய குணம் ஒன்றைச் சொன்னால் போதும், மிச்சமெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அவர் யாரையும் கேட்கமாட்டார். எங்கே நோகிறது, எவ்வளவு தூரம் எட்டும், முன்பு எப்படி உட்கார்ந்து வாசித்தீர்கள், ஒன்றும் கேட்கமாட்டார். கேட்காமலே அவருக்குத் தெரியும். தெரிந்துகொள்வதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது.

அந்த வழி ஒரு துவாய். நீலக் கோடு போட்ட துவாய், எப்போதும் தோளில் கிடக்கும். உங்களுக்கு இடது கை ஏலாது என்றால், தன் இடது கையை உடம்போடு சேர்த்து அந்தத் துவாயால் யாரையாவது கட்டிவிடச் சொல்வார். கட்டியபடியே பட்டறைக்குள் நடப்பார், தேத்தண்ணி குடிப்பார், வெற்றிலை மடிப்பார். அரை மணித்தியாலம் போனதும் அவருக்கு உங்கள் கை முழுவதும் விளங்கிவிடும். "நான் கட்டிப் பாத்திட்டன்" என்பார். அதற்குமேல் நீங்கள் வாய் திறக்க முடியாது. ஒரு நேரச் சோற்றை விட்டவர் பஞ்சத்தைப் பற்றி எங்களுக்கு வகுப்பெடுப்பதுபோல இருக்கும்.

என் கை எப்படிப் போனது என்று சொல்கிறேன். நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில். அன்று காலை தண்ணீர் வந்தபோது நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்கதவு கழன்று வந்து இடது தோளில் அடித்தது. கம்பியை விடவில்லை, அதனால் உயிர் இருக்கிறது. தோள் மட்டும் சரிவரவில்லை. விரல்கள் ஐந்தும் ஆடும், முழங்கை மடங்கும். ஆனால் கையை முன்னால் நீட்ட முடியாது, பக்கவாட்டில் தூக்க முடியாது.

நான் பள்ளிக்கூடத்தில் பாட்டு ரீச்சர். ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி பின்பக்கம் இருக்கும். வலது கை கட்டைகளில் ஓட, இடது கை பெட்டிக்கு மேலால் நீண்டு அந்தத் துருத்தியை இழுத்து இழுத்துத் தள்ளவேண்டும். எனக்கு நீளாதது அந்தக் கைதான். கல்விக் கந்தோரில் அப்போதைக்கு இரக்கப்பட்டு விட்டிருந்தார்கள், பிறகு பார்ப்போம் என்று. பிறகு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். வாசிக்க முடியாத பாட்டு ரீச்சரை நூலகத்துக்குப் பொறுப்பாகப் போடுவார்கள். புத்தகத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கத்தில் வேறொருத்தி பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதைக் கேட்டுக்கொண்டு நான் புத்தகத்துக்கு முத்திரை குத்துவதா?

அப்படியிருந்தபோதுதான் அவர் வந்தார். படலையைத் திறந்து நேரே உள்ளே வந்து, "ரீச்சர், பெட்டி எங்க?" என்றார்.

எடுத்துக் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று சொன்னேன். "அண்ணன், தோள்தான் ஏறாது. விரல் எல்லாம் நல்லா இரிக்கி. கிட்ட இரிந்தா இந்தக் கையாலயும் ஏதும் செய்யலாம். அதோட எனக்குக் கனநேரம் சாய்ஞ்சி இரிக்க..."

"தெரியும் ரீச்சர், தெரியும். உங்களப்போல ஏழு பேரப் பாத்திட்டன்."

சொல்லிவிட்டுத் துவாயை எடுத்து என்னிடம் நீட்டினார். "இத ஒருக்கா இறுக்கிக் கட்டிவிடுங்க."

நான் துவாயைப் பார்த்தேன். அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பக்கவாட்டில் திரும்பி, கட்டுவதற்கு வசதியாக நின்றார். இடது கை ஏலாதவளிடம், தன் இடது கையைக் கட்டிவிடச் சொல்லி நிற்கிற மனிதரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. என் கணவர் கிணற்றடியிலிருந்து ஓடி வந்து கட்டிவிட்டார். தேவைக்கு மேலேயே இறுக்கிக் கட்டினார் என்பதைக் கவனித்தேன். அன்றோடு நான் அவரிடம் என் கையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டேன். அவராகக் கேட்டால் சொல்வது, கேட்காவிட்டால் சொல்வதில்லை என்று மனதுக்குள் ஒரு வைராக்கியம்.

ஒரு மாதம் கழித்துப் பெட்டி லொறியில் வந்து இறங்கியது. கடல் வந்த பிறகு எங்கள் பகுதிக்கு வந்து குவிந்த தையல் மெசின்களுக்குக் கணக்கே இல்லை. தைக்கத் தெரிந்தவளுக்கும் ஒன்று, தெரியாதவளுக்கும் ஒன்று. அப்படி ஒரு மெசினின் இரும்புக் காலையும் மிதியையும் எடுத்து, மேலே பலகை போட்டு, அதில் ஆர்மோனியத்தைப் பூட்டியிருந்தார். மிதியிலிருந்து ஒரு சைக்கிள் பிறேக் கேபிள் பின்பக்கத் துருத்திக்குப் போனது. காலால் மிதித்தால் துருத்தி மூடும், விட்டால் ஒரு ஸ்பிரிங் அதைத் திறக்கும். காத்தான்குடியில் கடை கடையாக ஏறி அந்த ஸ்பிரிங்கைத் தேடி எடுத்ததாகப் பெருமையாகச் சொன்னார். பிறகு துவாயைக் கட்டச் சொல்லி, கதிரையில் அமர்ந்து தாலாட்டின் முதல் வரியை வாசித்தார். தலையாட்டினார்.

நான் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்களுக்கு ஆர்மோனியம் சரஸ்வதி. தெரியாமல் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாங்கள். நாடகக்காரர்கள் கால் பெட்டி வாசித்த காலம் இருந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அது மேடை. இது பள்ளிக்கூடத்தில் வாணி விழாவுக்குப் பட்டும் பூவும் சாத்தி வைக்கிற பெட்டி. அதை நான் மிதிப்பதா?

என் முகத்தை அவர் பார்க்கவில்லை. என் கணவர்தான் மெல்ல, "அண்ணன், கால் படுற மாதிரி இரிக்கே" என்றார்.

"மிதிக்கிறது மெசினத்தானே. பெட்டியையா மிதிக்கிறா? இரும்புக்கு ஏது சாமி?" என்று சிரித்தார்.

பிறகு நானே ஒரு வழி செய்துகொண்டேன். உட்காருமுன் குனிந்து மிதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டுத்தான் கால் வைப்பேன். அந்த வருட வாணி விழாவில் பிள்ளைகள், அதிபர், ஐயர் எல்லோரும் பாயில் இருக்க, நான் மட்டும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் கதிரையில் இருந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். சமயபாட ரீச்சர் கண்ணை மூடித் தேவாரம் பாடுகிற சாட்டில் என் பக்கம் திரும்பாமலே இருந்தாள். அந்த வெட்கத்தை அவருக்கு எங்கே விளங்கப்போகிறது? கட்டிப் பார்த்து அறியக்கூடிய விசயமா அது?

வெட்கம் பழகிவிட்டது. பழகாதது இடுப்பு நோவு. அவர் மிதியைத் தன் கால் நீளத்துக்கு வைத்திருந்தார். எனக்கு ஐந்தடி முழுதாக இல்லை. கையைக் கட்டினார் சரி, காலையும் கட்டிக்கொண்டா பார்த்தார்? நான் கதிரையின் நுனிக்கு வந்து காலை நீட்டி மிதிக்கவேண்டும். கதிரையை உள்ளே இழுத்தால் மேசை விளிம்பு நெஞ்சில் இடித்து, வலது கை ஓடாது. நுனியில் இருந்து மிதிக்கும்போது உடம்பு சரியும், தொங்குகிற இடது கை தோளைப் பிடித்துக் கீழே இழுக்கும். பத்து நிமிடத்தில் இடுப்பிலிருந்து தோள்வரை தீப் பிடித்தமாதிரி இருக்கும். ஒரு பாட்டு வாசிக்கலாம், இரண்டு வாசிக்கலாம், மூன்றாவதில் கால் விறைத்துவிடும்.

மிதியை நாலு விரக்கடை என் பக்கம் கொண்டுவந்தால் போதும். அவ்வளவுதான் பிழை. என் கணவர் மிதியின்மேல் ஒரு பலகைத் துண்டை வைத்துக் கட்டிப் பார்த்தார். கேபிளின் இழுவை மாறி, துருத்தி பாதியில் நின்று இருமியது. கேபிளை எங்கே முறுக்கி எங்கே தளர்த்துவது என்று செய்தவருக்குத்தான் தெரியும்.

"போய்ச் சொன்னா என்னகா? அரை மணித்தியால வேல" என்றார் என் கணவர்.

"அவர் கேக்கட்டும்" என்றேன்.

அந்தக் கேபிள் ஒருநாளும் அறுந்ததில்லை. ஸ்பிரிங் துருப்பிடித்ததில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் சந்தோசமாக அல்ல.

பிறகு சண்டை எங்கள் பக்கம் மறுபடி மூண்டது. வாகரைப் பக்கத்துச் சனம் அள்ளுண்டு வந்து பள்ளிக்கூடங்களில் நிறைந்தது. வகுப்பறையில் உலை கொதித்தது. பாட்டுப் பாடம் எங்கே நடக்கும்? ஆர்மோனியத்தை ஒரு மூலையில் தள்ளி, அதன்மேல் யாரோ பால்மாப் பெட்டி அடுக்கியிருந்தார்கள். அந்த நாட்களிலும் அவருக்கு வேலை ஓயவில்லை. ஒருநாள் துவாயால் கையைக் கட்டிய நிலையிலேயே யாருடையோ மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிப் போயிருக்கிறார். செக்பொயின்றில் சேர்ட்டுக்குள் கை கட்டுண்டு கிடப்பதைக் கண்ட ஆமிக்காரன் துவக்கை நீட்டிவிட்டான். குண்டுதான் கட்டியிருக்கிறார் என்று நினைத்திருப்பான். துவாயை அவிழ்க்கச் சொன்னான். இவர் என்ன செய்தார் தெரியுமா? அரை மணித்தியாலம் முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்று அவனுடன் வாதாடியிருக்கிறார். மோட்டார் சைக்கிள் ஓட்டிய மனிதன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறான். இந்தக் கதையை அவரே எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து வீரம்போலச் சொன்னார். உயிர் போயிருந்தால் அந்த மோட்டார் சைக்கிள்காரனின் உயிரும் சேர்ந்துதான் போயிருக்கும். அது அவருக்குத் தோன்றவேயில்லை.

வாவிக்கு மேற்குப் பக்கத்துப் பாதைகள் திறந்தபிறகு உன்னிச்சையிலிருந்து ஒரு மனிதன் அவரிடம் வந்தான். வேளாண்மைக்காரன். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்கு உடுக்கு அடித்து அம்மன் பாட்டுப் படிக்கிறவன். ஷெல் துண்டு பட்டு இடது முழங்கை விறைத்து நின்றுவிட்டது. உடுக்கை இடது கையில் தூக்கிப் பிடித்து, நாணை அழுத்தி விட்டுத்தான் குரல் எழுப்பவேண்டும். அந்தக் கை தூக்காது. நம்முடைய ஆள் துவாயைக் கட்டினார், அரை மணித்தியாலம் நடந்தார், விளங்கிக்கொண்டார். இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்பு ஸ்டாண்ட் செய்து அதில் உடுக்கைப் பூட்டினார். நாணை இழுக்க முழங்காலில் ஒரு தடி. சத்தம் நன்றாகவே வந்ததாம். சடங்கில் நடந்ததை அந்த மனிதன் பின்னொரு நாள் எனக்குச் சொன்னான்.

"அம்மனுக்குப் படைச்ச மடைக்கு முன்னால ஸ்டாண்ட வெச்சி அடிச்சன் ரீச்சர். நல்லாத்தான் இரிந்திச்சி. மறுகா தெய்வம் ஏறின ஆள் ஆடி ஆடி மரத்தடிக்குப் போயிற்றார். நான் இஞ்ச ஸ்டாண்டோட நிக்கிறன். தெய்வத்துக்குப் பின்னால உடுக்கு போகாட்டி என்ன சடங்கு? சனம் என்னயப் பாக்குது. மச்சினன் ஓடி வந்து நட்டக் கழட்டி, உடுக்கத் தன்ட சால்வையால என்ட வயித்தோட சேத்துக் கட்டினான். ஒத்தக் கையால அடிச்சிக்கொண்டு பின்னால ஓடினன்."

"இப்பவும் அப்பிடித்தானா?"

"ஓம் ரீச்சர். சால்வதான்."

"அவரிட்டச் சொன்னீங்களா?"

"சொல்லப் போனன். 'முழங்காலால இழுத்தா சரியா வரும், நான் கட்டிப் பாத்தனான்' எண்டார். வந்திட்டன்."

ஒரு மாதம் இரும்போடு மல்லுக்கட்டி அவருக்குத் தெரியாதது மச்சினனுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அவன் அந்த மனிதனுக்குப் பின்னால் எத்தனையோ சடங்குகளில் ஓடியிருக்கிறான். இவர் ஒரு சடங்கையாவது போய்ப் பார்த்தாரா? உடுக்கைப் பார்த்தார், அவ்வளவுதான்.

யுத்தம் முழுவதும் முடிந்ததும் கல்விக் கந்தோருக்கு எல்லாக் கோப்பும் ஞாபகத்துக்கு வந்தது. என்னுடையதும் வந்தது. ஒரு பாடநேரம், நாற்பது நிமிடம், நான் ஆர்மோனியம் வாசித்துப் படிப்பிப்பதை ஒரு அலுவலர் வந்து பார்ப்பார் என்று கடிதம். சரியென்றால் பாட்டு. இல்லையென்றால் நூலகம். கடிதத்தைப் பெட்டியின் மேலேயே வைத்துவிட்டு இருந்தேன். இரண்டு பாட்டுக்கு மேல் கால் தாங்காது என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கிழமைதான் பட்டினத்தில் அந்த விழா. உதவி நிறுவனத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அவர் செய்த வாத்தியங்களையெல்லாம் லொறியில் ஏற்றிக்கொண்டுபோய் மேடையில் வரிசையாக வைத்திருந்தார். எங்களையும் கூட்டிப்போய் முன்வரிசையில் இருத்தினார்கள். நாங்கள் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் கையில் ஏதாவது ஒரு குறை. என் பக்கத்தில் உன்னிச்சைக்காரன். நாங்கள் வாசிப்போம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். நான் நல்ல சேலை உடுத்திப் போயிருந்தேன்.

அவர் மைக்கைப் பிடித்தார். "இவங்களுக்குக் கூச்சம். நான் வாசிச்சிக் காட்டுறன்" என்றார்.

ஒரு பொடியனைக் கூப்பிட்டுத் துவாயைக் கட்டச் சொன்னார். மேடைக்குக் கீழே உண்மையாகவே கை ஏலாத எட்டுப் பேர் வரிசையாக இருக்க, இரண்டு கையும் கல்லுப்போல இருக்கிற மனிதர் ஒரு கையைத் துவாயால் கட்டிக்கொண்டு, என்னுடைய ஆர்மோனியத்தில், அந்தத் தாலாட்டின் முதல் வரியை வாசித்தார். சபை கை தட்டியது. வெளிநாட்டுக்காரி ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வாத்தியத்துக்குப் போனார். உன் அப்பன் வீட்டுப் பெட்டியா அது என்று கத்தவேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. நல்ல சேலை உடுத்திய ரீச்சர் எப்படிக் கத்துவாள்?

உன்னிச்சைக்காரன் எழும்பி மேடைக்குப் போனான். உடுக்கு அடிக்கப்போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் அவருக்குப் பின்னால் போய் நின்று, துவாயின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான். இடது கை உதவாது. வலது கையாலும் பல்லாலும் அவிழ்த்தான். நன்றாக நேரம் பிடித்தது. துவாய் கையில் வந்ததும் அதை மடித்து அவருடைய தோளில் போட்டான்.

"உங்கட கட்டு இவ்வளவுதான் அண்ணன்" என்றான்.

சொல்லிவிட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் இருந்தான். அவன் குரலில் கோபம்கூட இல்லை. அவர் அவிழ்ந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல், யாரோ வைத்திருக்கக் கொடுத்த சாமான்போல முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சந்தோசப்பட்டேன். மறைக்காமல் சொல்கிறேன், அப்படி ஒரு சந்தோசம் எனக்குக் கலியாணத்தன்றுகூட இருக்கவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தோளில் துவாய் இல்லை. விறாந்தையில் இருந்து, கொடுத்த பிளேன்ரீயை ஆறவிட்டார். விழாவிலிருந்து லொறியில் திரும்பி வந்த ஆர்மோனியம் அங்கேதான் நின்றது. அதன்மேல் மறுபடியும் கந்தோர்க் கடிதம், நாலாக மடித்தபடி. அவர் பெட்டியைப் பார்த்தார், மிதியைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார். முதல்தடவையாக.

"ரீச்சர், இது உங்களுக்கு வாசிக்கச் சுகமா இரிக்கா? எங்கயும் நோகுதா?"

அத்தனை வருடம் நான் காத்திருந்த கேள்வி. வாயில் பதில் தயாராக இருந்தது. நாலு விரக்கடை, அண்ணன். நாலே நாலு விரக்கடை. அவருடைய இடுப்பில் அடிமட்டம் இருந்தது. ஒரு ஸ்பானர் எடுத்தால் அந்தப் பின்னேரமே முடிந்துவிடும்.

ஆனால் அவருக்கு அந்தப் பதில் வேண்டியிருந்தது. அது அவருடைய முகத்தில் தெரிந்தது, குரலில் தெரிந்தது. அது என்னிடம் மட்டுமே இருக்கிறது என்பது எனக்கு இனித்தது. மேடையில் என் பெட்டியை வாசித்த மனிதருக்கு, நாலு பேர் முன்னால் அசிங்கப்பட்டபிறகு கேட்கத் தோன்றிய மனிதருக்கு, நான் ஏன் கொடுக்கவேண்டும்?

"நல்லாத்தான் இரிக்கி" என்றேன்.

"உண்மையாவா?"

"ஒரு கரைச்சலும் இல்ல அண்ணன்."

அவருடைய முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கூனியிருந்த முதுகு நிமிர்ந்தது. ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். "நான் நினைச்சன். கட்டிப் பாத்துச் செய்தா பிழை வராது ரீச்சர். அந்த உடுக்குக்காரனுக்குத்தான் பாவிக்கத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே படலையைத் திறந்து போனார். போகும்போது தாலாட்டின் முதல் வரியை வாய்க்குள் முனகினார்.

உள்ளே நின்ற என் கணவர் வெளியே வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏன்கா?" என்றார். நான் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன்.

பெட்டியைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போயிருந்தோம், குறித்த நாளில் கந்தோரிலிருந்து அலுவலர் அங்கே வந்தார். என் வயதுதான் இருக்கும், நல்ல பெண். மிதியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தொடங்கினேன். காலை வணக்கப் பாட்டு ஓடியது. சுரவரிசை ஓடியது. மூன்றாவது பாட்டின் நடுவில் இடுப்பில் நெருப்பு ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். கால் விறைத்து நின்றது. துருத்தி மூச்சு விட்டு அடங்கியது, பிள்ளைகள் சுருதியில்லாமல் இரண்டு வரி பாடிவிட்டு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். சுவரில் மணிக்கூடு இருந்தது. பதினேழு நிமிடம்.

"போதும் ரீச்சர், இருங்க, எழும்பாதீங்க" என்று அலுவலர் ஓடி வந்து என் தோளைப் பிடித்தார். பிள்ளைகளை வெளியே அனுப்பினார். குனிந்து மிதியைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். ஒரு நிமிடத்தில் அவருக்கே விளங்கிவிட்டது. நாலு விரல்களை மிதிப் பலகைக்கும் என் காலுக்கும் நடுவில் வைத்து அளந்துகூடப் பார்த்தார்.

"இது சின்ன விசயம்தானே. செய்தவர் உங்களிட்ட ஒண்டும் கேக்கேல்லயா?"

அவருடைய கையில் கோப்புத் திறந்திருந்தது. என் தோளில் அவருடைய மற்றக் கை இன்னும் இருந்தது.

"இல்ல மிஸ்" என்றேன். "அவர் ஆரையும் ஒண்டும் கேக்கிற ஆளில்ல."

அலுவலர் பெருமூச்சு விட்டு, பேனையைத் திறந்து, அதையும் எழுதிக்கொண்டார்.